ஒரே ஒரு கோடை பார்த்த காமிக்ஸ்

இரும்புக்கை மாயாவி தெரியும்தானே? முத்து காமிக்ஸ் மூலமா நம்ம வீடுகளுக்கு வந்த அந்த ஆள், 1962-ல் 'வேலியன்ட்' என்கிற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். லயன் காமிக்ஸ் போட்ட 'கோடை மலர்' மாதிரி ஒரு வழக்கம் பிரிட்டனிலும் உண்டு. அங்கே அதுக்குப் பேர் 'சம்மர் ஸ்பெஷல்'. இந்த இதழில் அப்படி ஒரு ஸ்பெஷலை எடுத்துக்குவோம்: 1978-ல் வந்த 'ஸ்டார்லார்ட்' சம்மர் ஸ்பெஷல்.

முதல்ல, சம்மர் ஸ்பெஷல்னா என்ன? வாரா வாரம் மலிவுத் தாளில் வரும் காமிக்ஸ், வருஷத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறைக்காகக் கனமா ஒரு இதழ் போடும். பள்ளி லீவு, குடும்பத்தோட கடற்கரைப் பயணம், ரயிலில் பையன் தொணதொணன்னு பேசாம இருக்க ஒரு புத்தகம். கணக்கு அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குக் கெட்டி அட்டை போட்ட 'ஆனுவல்' தனி.

ஆனா இதுக்குள்ள ஒரு டிசைன் சிக்கல் இருக்கு. ஸ்பெஷலை வாங்குற பையன் வார இதழைப் பார்த்ததே இல்லாம இருக்கலாம். அதனால 'தொடரும்' போட முடியாது. கதாநாயகன் யார், உலகம் எப்படிப்பட்டது, பிரச்சினை என்ன, எல்லாத்தையும் சில பக்கங்களில் சொல்லி முடிச்சாகணும். அதுவும் வார இதழ் வேலை நிக்காம ஓடிக்கிட்டிருக்கும்போதே! அதனாலதான் இப்படிப்பட்ட இதழ்களில் மாற்று ஓவியர்களும் பழைய கதைகளின் மறுபதிப்பும் அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

இப்போ ஸ்டார்லார்டுக்கு வருவோம். ஐபிசி நிறுவனம் 1977 பிப்ரவரியில் '2000 ஏடி' என்ற அறிவியல் புனைகதை வார இதழைத் தொடங்கியது. அதே வருஷம் 'ஸ்டார் வார்ஸ்' படம் வந்து விண்வெளி மோகம் பிச்சிக்கிட்டுப் போச்சு. உடனே இன்னொரு இதழ். மாத இதழா திட்டமிட்டு, கடைசியில் வார இதழா மாத்தினாங்க. நல்ல தாள், கூடுதல் வண்ணம், அதுக்கேத்த கூடுதல் விலை. முதல் இதழ் 1978 மே 13. கடைசி இதழ் அக்டோபர் 7. மொத்தம் 22 இதழ்தான். அடுத்த வாரமே 2000 ஏடியோட இணைச்சிட்டாங்க.

அப்போ அந்த ஸ்பெஷலைக் கையில் எடுத்தவங்களுக்கு, இதுக்கு அடுத்த கோடையே கிடையாதுன்னு தெரியாது. இன்னொரு வேடிக்கை: வார இதழ் செத்த பிறகும் ஸ்டார்லார்ட் பேரில் ஆனுவல்கள் வந்தன. 1982-க்கான ஆனுவல்தான் கடைசி.

இதழ் போச்சு, ஆனா ரெண்டு தொடர்கள் காலத்தில் நின்னன. ஒன்று, ஜான் வாக்னரும் கார்லோஸ் எஸ்கேராவும் உருவாக்கிய 'ஸ்ட்ரான்ஷியம் டாக்'. அணுயுத்தத்துக்குப் பிறகு உடல் திரிந்து பிறந்தவங்களுக்கு வேற எந்த வேலையும் கிடையாது, தலைக்கு விலை வெச்ச குற்றவாளிகளைப் பிடிக்கிற வேலை மட்டும்தான். தலைப்பிலேயே கெமிஸ்ட்ரி இருக்கு. ஸ்ட்ரான்ஷியமும் கால்சியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம். அதனால அணுகுண்டுச் சாம்பலில் வரும் ஸ்ட்ரான்ஷியம்-90-ஐ உடம்பு கால்சியம்னு நினைச்சு எலும்பில் சேர்த்து வெச்சுக்கும். அரை ஆயுள் சுமார் 29 வருஷம். 1950-களிலும் 60-களிலும் பாலில் அது கலந்திருக்குன்னு பெற்றோர்கள் பயந்த காலம் உண்டு. அந்த நிஜ பயம்தான் இந்தத் தலைப்புக்குப் பின்னால இருக்கு.

இன்னொன்று, பேட் மில்ஸின் 'ரோ-பஸ்டர்ஸ்'. மனுஷங்க போகத் தயங்குற விபத்து இடங்களுக்கு, பழுதான ரோபோக்களை அனுப்பும் கம்பெனி. போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம்! சாக்கடை ரோபோ ரோ-ஜாஸ், போர் ரோபோ ஹாமர்ஸ்டைன் ரெண்டு பேரையும் ஒருமுறை பார்த்தா மறக்க மாட்டீங்க.

ஏன் இந்த ரெண்டும் நின்னன? ஸ்பெஷலின் விதியையே வெச்சுப் பாருங்க. ரெண்டையும் ஒரு வரியில் புதுசா வர்றவனுக்குச் சொல்லிடலாம். ஒவ்வொரு வேட்டையும், ஒவ்வொரு விபத்தும் ஒரு தனிக்கதை. எந்த வாரம் வந்து சேர்ந்தாலும் புரியும். இதழ் மாறினாலும் கதை உடையாது. ரெண்டு கதையும் யாரைப் பத்தினதுன்னும் கவனிங்க: பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடப்படுறவங்க.

இதை எழுதி வரைஞ்சவங்க நிலைமையும் ரொம்ப வித்தியாசம் இல்லை. அந்தக் காலப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பேர் போடுற வழக்கமே இல்லை. உரிமை மொத்தமும் நிறுவனத்துக்கு. 2000 ஏடியின் கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ'நீல்தான் 1977-ல் கதைப் பக்கத்தில் பேர் போடுற பழக்கத்தைக் கொண்டு வந்தார். சின்னதா ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனா பேர் இருந்தாத்தானே 'இதை வரைஞ்சது யார்'னு தேட முடியும்? பிரையன் பாலண்டும் டேவ் கிப்பன்ஸும் இந்தப் பக்கங்களில் வளர்ந்துதான் அமெரிக்க காமிக்ஸுக்குப் போனாங்க. உரிமை மட்டும் அப்பவும் கிடைக்கலை. ஆலன் மூர் 'ஹாலோ ஜோன்ஸ்' தொடரை மூணு பாகத்தோட நிறுத்தினதுக்கு அந்தச் சண்டைதான் காரணம்.

எஸ்கேராவோட கதை இன்னும் நெருக்கமானது. ஸ்ட்ரான்ஷியம் டாக் நாயகன் ஜானி ஆல்ஃபாவைக் கொல்லும் கதை வந்தப்போ, வரைய மாட்டேன்னுட்டார். வேற ஓவியர்கள் வரைஞ்சாங்க. பிற்பாடு திரும்பி வந்து ஜானியை மறுபடி வரைஞ்சார். 2018-ல் அவர் இறந்த வருஷத்திலும் வரைஞ்சிட்டுத்தான் இருந்தார். 22 இதழில் மூடின பத்திரிகையில் ஆரம்பிச்ச வேலை, 40 வருஷம்!

பழைய ஸ்பெஷல் எதாவது உங்க கையில் கிடைச்சா மூணு விஷயம் பாருங்க. முதல் பக்கத்திலேயே புதுசா வர்றவனுக்குக் கதை புரியுதா? வழக்கமான ஓவியரா, மாற்று ஆளா? பேர் போட்டிருக்கா? மூணாவது கேள்வியை நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியம் மலரிலும், டீம் பிராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் கேட்டுப் பாருங்க. ராத்திரி முழுக்க உக்காந்து லேஅவுட் செஞ்சவன் பேர் அதில் இருக்கா?