தழும்பு வளர்கிறதா? மறைக்க வேண்டாம், மருத்துவம் உண்டு



காது குத்திய இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்து, தோடு போட முடியாமல் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்ளும் பெண்களை நம் குழுக்களிலேயே பார்க்கிறோம். இதற்குக் கீலாய்டு என்று பெயர்.

இது என்ன?
காயம் ஆறும்போது உடல் தேவைக்கு மேல் நார்ச்சதையை உண்டாக்குவதுதான் காரணம். சாதாரணத் தழும்பு காயத்தின் அளவோடு நின்றுவிடும். கீலாய்டு அதைத் தாண்டிப் பரவும், அரிக்கும், வலிக்கும். காது, நெஞ்சு, தோள்பட்டை, மேல் முதுகில் அதிகம் வரும். சில குடும்பங்களில் வழிவழியாக வரும். இது ஒட்டுவாரொட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை.

என்ன சிகிச்சை?
1. ஊசி: தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு மருந்து போடுவார்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை போட வேண்டும். தழும்பு தட்டையாகும், அரிப்பு குறையும். அந்த இடம் வெளுக்கலாம், தோல் மெலியலாம். கர்ப்பமாக இருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
2. உறைய வைத்தல்: சிறிய தழும்பைத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள்.
3. சிலிக்கான் பட்டை: காயம் முழுதும் ஆறிய பிறகு, தினம் 12 மணி நேரமாவது, பல மாதம் ஒட்ட வேண்டும்.
4. அறுவை சிகிச்சை: வெட்டி எடுப்பதோடு விட்டால், பாதிப் பேருக்கு மேல் மறுபடி வளர்கிறது, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. அதனால் பிறகு ஊசியோ கதிர்வீச்சோ தருவார்கள். காது மடலுக்கு அழுத்தும் கிளிப்பும் உண்டு.

செய்யக்கூடாதது
சுண்ணாம்பு தடவுவது, சூடு வைப்பது, முடியால் கட்டி அறுப்பது வேண்டவே வேண்டாம். அதுவும் ஒரு புதுக் காயம்தானே? ஒரு முறை கீலாய்டு வந்தவர்கள் இரண்டாவது ஓட்டை, மூக்குக் குத்துதல், பச்சை குத்துதல் தவிர்ப்பது நல்லது. வேறு ஆபரேஷன் என்றாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எங்கே போவது?
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. "ஒரே ஊசியில் கரைச்சிடுவேன்" என்பவரிடம் குழுக்கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். எத்தனை தடவை வரணும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் விடாதீர்கள். புண்ணானாலோ ரத்தம் கசிந்தாலோ உடனே காட்டுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். கூச்சத்தில் மறைத்து வைத்திருக்கும் ஒரு பெண்ணாவது மருத்துவரிடம் போகட்டும்.