கொதிக்கும் கல்

கிருத யுகத்தில் நெருப்பாகவும் திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும் துவாபர யுகத்தில் பொன்னாகவும் விளங்கிய அண்ணாமலை, கலியுகத்தில் கல்லாக நிற்கிறது என்பது தலபுராண மரபு. மலையின் தெற்கு அடிவாரத்தில், ரமணாசிரமப் பகுதியில் நின்று நோக்குவோர்க்கு, நெருப்பு எவ்வாறு கல்லாயிற்று என்னும் வினா எழுவது இயல்பே. நிலவியலும் இதே வினாவை எழுப்புகிறது. ஆயின், அது தரும் விடை ஒன்றன்று, பல. நெருப்பில் பிறந்த பாறையின் வெற்றிடத்தில் நீர் வளர்த்தெடுக்கும் கனிமக் குடும்பம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஜியோலைட்.

சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட் 1756இல் ஒரு கனிமத்தை ஊதுகுழல் சுடரில் காட்டினார். அது நுரைத்துப் பொங்கியது. 'கொதித்தல்', 'கல்' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதற்குப் பெயரிட்டார். உண்மையில் கொதித்தது கல்லன்று. கல்லுள் இருந்த நீர். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றின் அணுக்கள் நான்முகிகளாக இணைந்து, இக்கனிமத்துள் நுண்ணிய அறைகளையும் வழிகளையும் அமைக்கின்றன. அவற்றில் நீர் மூலக்கூறுகளும் சோடியம், கால்சியம் போன்ற அயனிகளும் தங்குகின்றன. சூடேற்றினால் நீர் வெளியேறும். பல வகைகளில் கட்டமைப்புக் குலைவதில்லை. ஆறியபின் நீரை மீண்டும் ஏற்கும். கல் என்றதும் இறுகிய திண்மையையே எண்ணும் மனத்திற்கு இது வியப்பளிப்பதாகும்.

இந்தியாவில் ஜியோலைட்டுக்குப் புகழ்பெற்ற நிலம் தக்காணம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அலையலையாகப் பெருகிப் படிந்தது. குழம்பு ஆறும்போது வெளியேற முடியாத வளிக்குமிழிகள் பசால்ட் பாறையில் பொந்துகளாக எஞ்சின. பின்னர், பாறையினூடே கசிந்த வெந்நீர் அதன் கண்ணாடிப் பகுதியையும் கனிமங்களையும் சிறிது சிறிதாகக் கரைத்தது. காரத்தன்மை மிகுந்த அந்நீர் பொந்துகளை அடைந்து, தான் சுமந்துவந்ததைப் படிகமாக இறக்கிவைத்தது. கதிர்க்கட்டுப் போன்ற ஸ்டில்பைட், வெண்ணூசிக் கொத்தாகிய ஸ்கோலெசைட் முதலியன இவ்வாறு விளைந்தவை. புனே, நாசிக் பகுதிகளின் கல்குவாரிகளில், சாலைக்கு ஜல்லி உடைக்கும்போது இவை வெளிப்படுகின்றன. ஒரு சம்மட்டி அடியில் நொறுங்கிப்போகும் அழகுகள் எத்தனையோ! எரிமலைச் சாம்பல் உப்பேரிகளில் படிந்து மாறுவதாலும் ஜியோலைட் தோன்றும். அது பெரும்பாலும் கண்ணைக் கவராத வெளிறிய படிவாகவே இருக்கும்.

அயனிகளை மாற்றிக்கொள்ளும் இயல்பே ஜியோலைட்டின் பெரும்பயன். கடினநீரிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, தன்னிடமுள்ள சோடியத்தை அது நீருக்கு விடுகிறது. சலவைத்தூளில் செயற்கை ஜியோலைட் சேர்க்கப்படுவது இதனால்தான். 2011இல் புகுஷிமா அணுமின் நிலையம் விபத்துக்குள்ளானபின், மாசுற்ற நீரிலிருந்து கதிரியக்கச் சீசியத்தைப் பிரித்தெடுக்கவும் ஜியோலைட் பயன்பட்டது.

அண்ணாமலையும் நெருப்பின் மலைதானே, அங்கு ஏன் ஜியோலைட் விளையவில்லை? திருவண்ணாமலை வட்டாரத்தின் நைஸ், சார்னோக்கைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மையுடையவை. இவை வெளியே வழிந்து ஆறிய குழம்பல்ல. நிலத்தின் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. அங்கே குமிழிப் பொந்துகளுக்கு இடமில்லை. சார்னோக்கைட் உருவாகும் வெப்பம் 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்டது. ஜியோலைட்டோ பெரும்பாலும் 250 டிகிரிக்குள் வாழ்வது. அதனைக் கடந்தால் நீரிழந்து வேறு கனிமமாக மாறிவிடும். பிற்காலத்துப் பிளவுகளில் நீர் புகுந்து சிறிதளவு ஜியோலைட்டை வளர்த்தல் இத்தகைய பாறைகளிலும் இயலாததன்று. எனினும், கைநிறையப் படிகக் கொத்தைக் காண விழைவோர் கிரிவலப் பாதையில் தேடிப் பயனில்லை. அங்கே காலடியில் கிடக்கும் கருங்கல், ஒரு காலத்தில் பல கல் தொலைவு ஆழத்தில் இருந்தது. அதன்மேல் இருந்த பாறை முழுவதையும் மழையும் காற்றும் அரித்துச் சென்றபின்னரே அது வெயிலைக் கண்டது.