கருத்ததெல்லாம் காந்தம் ஆகாது

தம்பி,

முருங்கை இலைச் சாற்றில் இரும்பு உப்புக் கரைசலை ஊற்றியதும் கருத்துவிடுகிறதே, அதைக் காந்த நானோ துகள் என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுதாதே. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தப் பிழை புகுந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளி அயனியை இலைச்சாறு உலோகத் துகளாக்கிவிடும்; அதன் ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட். இரும்புக்கு -0.44. அதை உலோகமாக்கும் வலு இலையிலுள்ள பாலிபீனாலுக்குக் கிடையாது. அப்படியானால் அந்தக் கருமை? கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் நினைத்துப் பார். இரண்டும் நீரில் சேர்ந்தால் கறுப்புச் சாயம். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மை. ஐரோப்பாவின் பத்திரங்களும் இசைக்குறிப்புகளும் பல நூற்றாண்டுகள் அந்த மையில்தான் எழுதப்பட்டன. துவர்ப்புப் பொருள் இரும்பு அயனியைப் பற்றிக்கொள்ளும் அணைவுச் சேர்மம் அது. தேயிலையானாலும் மாதுளைத் தோலானாலும் நடப்பது இதுதான். அதுவும் நானோ அளவில் திரளலாம். ஆனால் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் அசையாது. முதலில் காந்தம் வை, பிறகு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைப் பார், காந்தமேற்றத்தை அள. காந்த இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டுக்கு, பருமனான நிலையில், அது கிராமுக்குச் சுமார் 92 இஎம்யு. அளக்காமல் பெயர் சூட்டுவது அறிவியல் இல்லை.

அப்போ இலை வீணா என்பாய். இல்லை கண்ணு, அதன் வேலை வேறு. ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து காரம் சேர்த்தால் வெறும் தண்ணீரிலேயே மேக்னடைட் பிறந்துவிடும். அது கட்டிதட்டாமல் இருக்க ஒரு போர்வை வேண்டும். இலைச்சாறு அதற்கு உதவும். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கல்லீரல் எம்ஆர்ஐ மருந்தில் இரும்பு ஆக்சைடின் மேல் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் போர்வை இருந்தது. இலையிலிருந்து வந்ததால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று மட்டும் வாதிடாதே. எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. ஆடி மாத இலையும் தை மாத இலையும் ஒன்றல்ல, மருந்தோ ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பசுமை முறை என்கிறாயே, அதற்கும் கணக்கு உண்டு. குளோரைடு உப்பும் சோடியம் ஹைட்ராக்சைடும் கொண்டு ஒரு கிராம் மேக்னடைட் செய்தால் இரண்டு கிராம் சமையலுப்பு கழுவும் நீரில் போகும். இலைச்சாறு சேர்த்தாலும் அந்த உப்பு குறையாது. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் நொய்யல் ஆற்றை நினைத்துப் பார்; அது நம் கோவையைக் கடந்துதான் திருப்பூர் போகிறது. அங்குள்ள சாயப்பட்டறைக் கழிவு சேர்ந்த ஒரத்துப்பாளையம் அணை நீரைப் பாசனத்துக்கு ஆகாததாக்கியதில் சாயத்தின் நிறத்தைவிட, கரைந்திருந்த உப்புக்கே பங்கு அதிகம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போயிற்று. அடுத்த கடிதத்தில் துகளின் அளவோடு, கழுவிய நீர் எத்தனை லிட்டர், அதில் கரைந்த பொருளின் மொத்த அளவான டிடிஎஸ் எவ்வளவு என்பதையும் எழுது.