‘லான்’ என்ற சொல்லும் நம் கடைச் சிட்டையும்



கல்யாண மண்டப விளம்பரங்களில் “ஏ.சி. ஹால், கார் நிறுத்துமிடம், லான் வசதி உண்டு” என்று போடுகிறார்கள். ஜவுளிக் கடைக்குப் போனால் “லான் காட்டன் புதிதாக வந்திருக்கிறது” என்கிறார்கள். முதலாவது புல்தரை. இரண்டாவது மெல்லிய பருத்தித் துணி. பெயர் ஒன்று, பொருள் வேறு. இந்தச் சொல்லின் கதை மளிகை வியாபாரிகளாகிய நமக்கும் பயன்படும். இதே சிக்கல் நம் கடைகளிலும் இருக்கிறது. அதனால் நமக்குப் பணமும் நட்டமாகிறது.

முதலில் புல்தரையைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சு மொழியில் ‘லாந்த்’ என்று ஒரு சொல் உண்டு. காட்டுக்கு நடுவே மரமில்லாமல் திறந்து கிடக்கும் வெளியை அது குறித்தது. அது ஆங்கிலத்துக்கு வந்து, கடைசி எழுத்து தேய்ந்து, ‘லான்’ ஆயிற்று. பங்களாவுக்கு முன்னால் ஒரே மட்டமாக வெட்டி வளர்க்கும் புல் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நம் நாட்டில் அப்படி வளர்க்கப்படும் புல் பெரும்பாலும் அறுகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துவதற்கு நாம் தேடிப் பிடுங்கும் அதே அறுகு!

அடுத்தது துணி. பிரான்சு நாட்டின் வடபகுதியில் லான் என்று ஒரு நகரம் இருக்கிறது. லினன் நெசவுக்குப் பெயர் பெற்ற வட்டாரம் அது. நம் கடைகளில் ஆளிவிதை விற்கிறோம் அல்லவா, அந்த ஆளிச் செடியின் நாரில் நெய்வதுதான் லினன். அந்த ஊரின் பெயரே துணிக்கும் வந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. பிற்காலத்தில் அதே மாதிரியில் பருத்தியில் நெய்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே புல்தரைக்கும் துணிக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது. இரண்டு வழியில் வந்த இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் முடிந்துவிட்டன.

ஆனால் தொழிலில் ஒருமுறை இவை சந்தித்தன. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை ஆலையில் கத்தரிக்கும் உருளையைப் பார்த்தே அவருக்கு அந்த யோசனை பிறந்தது.

ஊர்ப் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொள்வது புதிதல்ல. மஸ்லின், ஈராக்கிலுள்ள மோசூல் நகரத்தின் பெயர். கேம்ப்ரிக், பிரான்சின் கேம்ப்ரே நகரத்தின் பெயர். காலிகோ, நம் கோழிக்கோடு. கடலூரும் துணி வாணிபத்துக்குச் சளைத்த ஊரல்ல. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே புனித டேவிட் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய ‘லாங் க்ளாத்’ ஐரோப்பாவில் பெயர் பெற்ற சரக்கு.

இனி நம் கடைக்குள் வருவோம். நம் பக்கத்தில் நிலக்கடலைக்கு மணிலா என்று பெயர். மணிலாக் கொட்டைதான் பேச்சில் தேய்ந்து ‘மல்லாட்டை’ ஆயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். பயிரோ தென் அமெரிக்காவில் பிறந்தது. இன்று விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் நம் வயலிலேயே விளைகின்றன. வட மாவட்டங்களில் பெரியவர்கள் சர்க்கரையை ‘அஸ்கா’ என்பார்கள். அஸ்கா, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை நடந்த ஊர். 1936 வரை அந்தப் பகுதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்திலேயே சர்க்கரை ஆலை இருக்க, பெயர் மட்டும் அஸ்காவுக்குப் போனது. சீனி என்ற சொல்லோ சீன நாட்டைக் குறிப்பது. ஆக, பெயரிலுள்ள ஊரை வைத்துச் சரக்கு எங்கிருந்து வந்தது என்றோ, தரம் என்ன என்றோ முடிவு செய்ய முடியாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒரே பெயருக்குப் பல சரக்கு இருப்பது. பண்ருட்டி முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. பழைய நூல்களில் முந்திரிகை என்பது திராட்சை. இலங்கைத் தமிழர்கள் இன்றும் திராட்சையை முந்திரிகை என்றும், நம் முந்திரியை மரமுந்திரிகை என்றும் சொல்வார்கள். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரத்துக்கு நம் முன்னோர் வைத்தது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பெயர்.

கடலை இன்னும் மோசம். கடலை எண்ணெய் நிலக்கடலையில் ஆட்டுவது. கடலை மாவு கடலைப்பருப்பில் அரைப்பது. தென் மாவட்டங்களில் வெறும் ‘கடலை’ என்றால் பெரும்பாலும் நிலக்கடலை. சர்க்கரையும் அப்படியே. நமக்கு அது வெள்ளைச் சர்க்கரை. தெற்கே பலருக்கு நாட்டுச் சர்க்கரை. நாமும் சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லிவிட்டு வெல்லத்தைத்தானே போடுகிறோம்!

பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு சிதம்பரத்துக் கடைக்காரர் கடலூர் மண்டிக்குப் போன் செய்து, “கடலை நாலு மூட்டை ஏற்றிவிடுங்கள்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்டது சுண்டலுக்கான கொண்டைக்கடலை. போனை எடுத்தவர் மதுரைப் பக்கத்துக்காரர், நிலக்கடலையை ஏற்றிவிடுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏற்றுகூலி, இறக்குகூலி, போகவர வண்டி வாடகை எல்லாம் யாரோ ஒருவர் தலையில் விழும். பண்டிகை வியாபாரமும் போய்விடும். பல வருட நட்பில் விரிசல் விழவும் இது போதும்.

2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி.யில் சரக்குக்கு எண் வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. முந்திரி 0801, திராட்சை, பச்சையானாலும் உலர்ந்ததானாலும், 0806. கொண்டைக்கடலை 0713, நிலக்கடலை 1202. கடலை மாவு 1106. கடலை எண்ணெய் 1508. ஆனாலும் வெள்ளைச் சர்க்கரை, வெல்லம் இரண்டுமே 1701-இல்தான் தொடங்குகின்றன. எனவே எண்ணை மட்டும் நம்பாமல் பெயரையும் முழுமையாக எழுதவேண்டும். பாக்கெட் போட்டு விற்பவர்கள் பொருளின் பொதுப் பெயரை அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன என்பதையும் நினைவில் கொள்க.

நாம் செய்யக்கூடியவை நான்கு:

1. சிட்டையில் ‘கடலை’, ‘சர்க்கரை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். கொண்டைக்கடலை, நிலக்கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை, வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை என்று பிரித்து எழுதுங்கள்.

2. போனில் ஆர்டர் எடுத்தால், சரக்கின் முழுப் பெயர், ரகம், மூட்டையின் எடை மூன்றையும் திருப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

3. வேற்று மாவட்டத்திலிருந்து வேலைக்கு வரும் பையன்களுக்கு நம் வட்டாரப் பெயர்களை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுங்கள். மல்லாட்டை என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

4. வண்டியிலிருந்து இறக்குமுன் ஒரு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பாருங்கள். இறக்கிய பிறகு பேசுவது வழக்கு; இறக்குமுன் பேசுவது வியாபாரம்.

வாடிக்கையாளர் எந்தப் பெயரால் கேட்டாலும் முகம் சுளிக்க வேண்டாம். அஸ்கா என்று கேட்கும் பாட்டிக்கும், சீனி என்று கேட்கும் மதுரைக்காரருக்கும் சரியான சரக்கை எடுத்துக் கொடுங்கள். கல்லாவில் எந்தப் பெயரும் பேசலாம்; சிட்டையில் ஒரே பெயர் இருக்கட்டும். நம் பகுதியில் இதுபோல் வேறு பெயர்கள் வழங்கினால் உறுப்பினர்கள் சங்கத்துக்கு எழுதி அனுப்பலாம். எல்லாவற்றையும் தொகுத்து ஒரு பட்டியலாகக் கடையில் ஒட்டிவைத்தால் அனைவருக்கும் உதவும்.