நாளும் பத்து வரி

முன்னுரை

புத்தாண்டு பிறந்ததும் பல வீடுகளுக்கு ஒரு டைரி வந்து சேருகிறது. முதல் பக்கத்தில் அழகிய கையெழுத்தில் பெயர். ஜனவரி முதல் தேதியில் ஒரு பக்கம் நிறைய எழுத்து. மறுநாள் அரைப் பக்கம். பொங்கல் விடுமுறைக்குப் பின் வெறும் தாள். ஆண்டு முடிவதற்குள் அந்த டைரியில் பால் கணக்கு ஏறிவிடுகிறது. இதனையே நம் பெரியோர் 'ஆரம்ப சூரத்தனம்' என்பர். எழுதுவதை நல்ல பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் மாணவியர் பலர். விடாமல் எழுதுவோர் மிகச் சிலர். இந்த வேறுபாடு திறமையால் வருகிறதா, பழக்கத்தால் வருகிறதா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நேரம் ஒன்றே

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் (1815–1882) பல ஆண்டுகள் தபால் துறையில் உத்தியோகம் பார்த்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்வார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்திற்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். பிறகே மற்ற வேலைகள். இப்படி அவர் எழுதிய நாவல்கள் 47. 'மனம் வரும்போது எழுதுவோம்' என்று அவர் காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு 250 சொற்கள் வேண்டாம், 50 போதும். அது நோட்டில் ஏறக்குறைய பத்து வரி. நாளொன்றுக்கு 50 என்றால் வாரத்திற்கு 350, ஆண்டிற்கு 18,250 சொற்கள். சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே கணக்காகவே மெய்ப்படுகிறது.

ஒரு நாள் தவறினால்?

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று பலர் சொல்வதுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் காட்டுகிறது. தினமும் ஒரே வேளையில் ஒரு சிறு செயலைச் செய்தவர்களுக்கு, அது தானாக வரும் பழக்கமாக இடைநிலை அளவில் 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இன்னொன்றும் தெரிய வந்தது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை.

டைரிகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா? ஒரு நாள் விடுபட்டது என்பதற்காக நாம் முழுவதையும் கைவிடுகிறோம்.

ஆன் ஃபிராங்க் என்னும் சிறுமியை எண்ணிப் பார்ப்போம். 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு, அவளுக்கு ஒரு நாட்குறிப்பு நோட்டு கிடைத்தது. யூதர்கள் மீது நாஜிகள் நடத்திய கொடுமைக்குத் தப்பி, அடுத்த மாதமே அவள் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் மறைந்து வாழ்ந்தது. அவள் எல்லா நாளும் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நோட்டிடம் திரும்பி வந்தாள். அது நிரம்பியதும் வேறு நோட்டுகளிலும் தாள்களிலும் எழுதினாள். கடைசியாக எழுதிய நாள் 1944 ஆகஸ்டு 1. மூன்று நாள் கழித்து அவர்கள் கைது செய்யப்பட்டனர். முகாமில் அவள் இறந்தபின், 1947-இல் அவள் எழுத்து நூலாயிற்று.

படிப்பவர் காத்திருந்தால்

நமக்காக மட்டும் எழுதும்போது சோம்பல் எளிதில் வெல்லும். படிக்க ஒருவர் காத்திருந்தால் கை தானாக நகரும். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 85. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையால் சரித்திரம் முற்றுப் பெறவில்லை. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் நமக்குக் கிடைத்தன. நிதானமாக ஒரு நாள் எழுதலாம் என்று தள்ளிப் போட்டிருந்தால், ஏடு தேடி அவர் நடந்த ஊர்களும், தம் ஆசிரியரிடம் பாடம் கேட்ட நாட்களும் அவரோடே மறைந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

1. எழுதும் வேளையை முன்பே உள்ள ஒரு செயலோடு இணைப்போம். இரவு உணவுக்குப் பின் தட்டைக் கழுவி வைத்ததும் நோட்டைத் திறப்போம்.

2. அளவைச் சிறிதாக வைப்போம். தேர்வு நாளில் இரண்டு வரி எழுதினாலும் போதும்.

3. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத்தக்க செய்திகளைப் பட்டியலிடுவோம்: ரேஷன் கடை வரிசை, அம்மாவின் தையல் மெஷின், பாட்டி வடகம் போடும் முறை. 'இன்று மழை பெய்தது' என்பதோடு நிறுத்தாமல், 'சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் கணக்கு டீச்சரின் குரல் கேட்கவில்லை' என்று கண்டதையும் கேட்டதையும் எழுதுவோம்.

4. வாரம் ஒரு முறை, எழுதியவற்றுள் நல்லதைத் திருத்தி எழுதி வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் வைப்போம். குறித்த கிழமை மாறலாகாது. வேலை மிகுந்த வாரத்திற்கென இரண்டு கட்டுரைகளைக் கையிருப்பில் வைத்திருப்போம்.

5. பிறர் மனம் புண்படும் செய்தியை வெளியிடாதிருப்போம். ஆன் கூடத் தன் குறிப்புகளை நூலாக்க எண்ணித் திருத்தியபோது, உடனிருந்தோர்க்கு மாற்றுப் பெயர்கள் குறித்து வைத்தாள்.

6. ஒரு நாள் தவறினால் மறுநாள் அன்றைய தேதியிட்டு எழுதுவோம். விட்டதை ஈடுகட்ட முயன்றால் சுமை கூடும்.

முடிவுரை

நம் பாட்டிமார் கைம்மருந்து அறிந்திருந்தனர். பஞ்ச காலத்தில் குடும்பம் நடத்தினர். தாலாட்டும் ஒப்பாரியும் தாமே கட்டிப் பாடினர். அவற்றுள் எழுதி வைக்கப்பட்டவை மிகக் குறைவு. அவர்களில் பலருக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது. ஆனால் பள்ளி முடிந்ததும், மணமானதும் பேனாவை மூடி வைத்துவிட்டால் நம் நாட்களும் அவ்வாறே போகும். பள்ளிப் பருவத்தில் படிந்த பழக்கமே பின்னாளில் அடுக்களை வேலைக்கும் அலுவலக வேலைக்கும் இடையே கால் மணி நேரத்தைத் தேடித் தரும். பெற்றோரும் தம் பெண்கள் எழுதும் அந்தச் சிறு பொழுதைக் காத்துத் தர வேண்டுகிறோம்.

ஆகவே நல்ல நாளுக்குக் காத்திராமல், நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்து, இன்றைய தேதியிட்டு, முதல் பத்து வரியை இன்றிரவே எழுதுவோமாக.