நூற்புழுவின் வளர்ச்சியும் மரபணுக்களின் ஒழுங்கும்

கத்தரி, தக்காளி, வெண்டை முதலிய பயிர்கள் நீரும் எருவும் குறைவின்றியிருந்தும் வெளிறி வாடுமாயின், ஒரு செடியை வேர் அறாமல் தோண்டிப் பார்த்தல் வேண்டும். வேரே முடிச்சு முடிச்சாகப் பருத்திருப்பின் அது நூற்புழுவின் வேலையாகும். இத்தகைய புழுக்கள் மண்ணில் காலம் பார்த்திருக்கும் விதத்தை அறிய, பயிருக்குத் தீங்கு செய்யாத சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் நூற்புழு பெரிதும் உதவியிருக்கிறது.

இதன் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. தோல், குடல், நரம்பு ஆகிய எவ்வுயிரணுவிலும் அவை அனைத்தும் உள்ளன. ஆயினும் எல்லாம் ஒருங்கே வேலை செய்வதில்லை. கிராம அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், புலப்படம் யாவும் இருப்பினும், வேண்டிய சமயத்தில் வேண்டியதற்கே நகல் எடுக்கப்படுவது போன்றது இது. மரபணுவினின்று நகல் எடுக்கப்பட்டு, அந்நகலின்படி புரதம் உண்டாகிறது.

எடுத்த நகலையும் நிறுத்தி வைத்தல் கூடும். முட்டை பொரித்த முதற்பருவத்தில் லின்-14 என்னும் மரபணுவின் புரதம் மிகுந்திருக்கும். பின்னர், லின்-4 என்னும் மரபணு தரும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ., லின்-14இன் நகலோடு ஒட்டிக்கொண்டு அப்புரதத்தைக் குறைக்கும்; புழுவும் அடுத்த பருவத்தை அடையும். லின்-4 பழுதுபட்ட புழுவோ முதற்பருவ வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்யும். விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோரின் குழுவினர் 1993இல் இவ்வுண்மையை வெளியிட்டனர். அவ்விருவருக்கும் 2024இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இரை குறைந்து நெருக்கம் மிகுந்தால், இளம்புழு ‘டாவர்’ என்னும் உறங்கு நிலையை அடையும். அப்பொழுது டாஃப்-16 என்னும் புரதம் உயிரணுக் கருவினுள் புகுந்து, பல மரபணுக்களை முடுக்கியும் சிலவற்றை அடக்கியும் வைக்கும். வாய் மூடிக்கொள்ளும், மேல்தோல் தடிக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று வாரங்களே வாழும் இப்புழு, அந்நிலையில் உண்ணாமலே சில மாதங்கள் உயிர்தாங்கும். இரை கிடைத்தவுடன் வளர்ச்சி தொடரும்.

வேர்முடிச்சுப் புழுவின் இளம்பருவமும் வேரை அடையும்வரை உண்பதில்லை. உடற்கொழுப்பு தீருமுன் வேர் கிட்டாவிடில் மடியும். ஆகையால் கத்தரிக்குப்பின் தக்காளி, தக்காளிக்குப்பின் வெண்டை என இடைவிடாது பயிரிடுதல் புழுவிற்கு விருந்திடுவதேயாம். கோடையுழவு செய்து மண்ணை வெயிலில் காயவிடுதல், புழுவிற்கு இடங்கொடாத பயிரை மாற்றிப் பயிரிடுதல், நாற்றின் வேரைச் சோதித்து முடிச்சுள்ளவற்றை நீக்குதல் ஆகியவை கைக்கொள்ளத்தக்கன. பயறுவகைகளின் வேரில் நன்மை செய்யும் முடிச்சுகள் விரலால் தேய்த்தால் உதிரும். புழுவின் முடிச்சு வேரின் வீக்கமாதலால் உதிராது. இவ்வேறுபாட்டை அறிந்தே செடிகளை நீக்குதல் நலம்.