வெள்ளையில்லாமல் ஒரு வெள்ளை

அன்புள்ள தம்பி,

'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' படத்தில் கைகள் ஏன் இப்படி முண்டும் முடிச்சுமாக இருக்கின்றன, வான்கோவுக்கு அப்போது வரையத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். பாரிசுக்குப் போன பிறகுதான் அவருக்கு நிறம் பிடிபட்டது என்று உன் வகுப்பில் பேசிக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். கேள்வி நியாயமானது. வகுப்புப் பேச்சுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. சூரியகாந்திகளை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் கிளப்பிவிட்ட கதை அது.

1885 வசந்தத்தில், நெதர்லாந்தின் நியூனென் கிராமத்தில் தீட்டிய படம் அது. அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்கக் குடியானவர்களின் தலைகளையே மறுபடி மறுபடி தீட்டிக்கொண்டிருந்தார். இந்தப் படத்தின் முகங்களுக்கு முதலில் மஞ்சள் காவி, செங்காவி, வெள்ளை கலந்து தோல் நிறம் கொடுத்தார். வெளிறித் தெரிந்தது. தயங்காமல் அதன்மேலேயே மறுபடி தீட்டினார். தோலுரிக்காத, மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறம் இப்போது வந்துவிட்டது என்று தன் தம்பி தியோவுக்கு எழுதினார். நிறம் தெரியாதவர் செய்கிற வேலையா இது?

இன்னொன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். அந்தப் படத்தில் நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படும் இடங்களில் வெள்ளைச் சாயம் அநேகமாக இல்லை. வெர்மிலியன் சிவப்பு, பாரிஸ் நீலம், நேபிள்ஸ் மஞ்சள் மூன்றையும் கலந்தால் ஒரு சாம்பல் நிறம் வரும். தனியே எடுத்துப் பார்த்தால் நல்ல கருஞ்சாம்பல். சுற்றிலும் அதைவிட இருண்ட நிறங்கள் சூழ்ந்திருப்பதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு நிறத்தின் மதிப்பைப் பக்கத்து நிறம் தீர்மானிக்கிறது என்ற பாடத்தை, ஓவியர் தெலக்ருவாவின் வண்ண முறை பற்றிக் கலை விமர்சகர் ஷார்ல் பிளாங் எழுதியதைப் படித்து, அந்தக் கிராமத்திலேயே அவர் கற்றுக்கொண்டுவிட்டார். நிழல்களில் நீலம் கலந்திருப்பதால் படத்தைப் பொன்னிறச் சட்டத்திலோ, விளைந்த கதிரின் நிறமுள்ள சுவரிலோதான் மாட்டவேண்டும் என்றும் வற்புறுத்தினார். பின்னாளில் ஆர்ல் நகரில் அவர் தீட்டிய படங்களில் நீலமும் மஞ்சளும் மோதுவதைப் பார்க்கிறோமே, அதன் வித்து இந்த இருட்டில் கிடக்கிறது என்பது என் துணிபு. பாரிஸ் அவருடைய வண்ணத் தட்டில் வெளிச்சம் ஏற்றியது, அவ்வளவுதான்.

இதெல்லாம் அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. எந்த ஆய்வு நூலும் எனக்கு அவ்வளவு கற்றுத் தந்ததில்லை. அந்த ஆண்டு அவர் சோலாவின் 'ஜெர்மினல்' படித்தார் என்பதற்காகவே நானும் அந்த நாவலைத் தேடிப் படித்தேன். அதில் வரும் சுரங்கக்காரர்களுக்கும் நியூனென் குடியானவர்களுக்கும் ஒரே முகவெட்டு என்று தோன்றியது. நீயும் படி. கைபேசியில் சுருக்கம் பார்த்துவிட்டுப் படித்ததாகச் சொல்லாதே.

இனி கைகள். வான்கோவின் ஓவிய நண்பர் வான் ரப்பார்ட் இதே குறையைச் சொன்னார். காபி ஊற்றும் பெண்ணின் கைக்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம், வலப்பக்க ஆணுக்கு முழங்காலோ வயிறோ நுரையீரலோ இருக்கக் கூடாதா என்று கேட்டார். அவர் பார்த்தது வான்கோ நினைவிலிருந்தே கல்லில் வரைந்து எடுத்த அச்சுப்படி. காபிக் கை விஷயத்தில் ரப்பார்ட் சொன்னது சரி என்றே நானும் சொல்வேன். ஆனாலும் அவர் அளவுகோல் வேறு. கலைக்கழகத்து ஓவியன் மண்வெட்டுகிறவனைப் பிழையில்லாமல் வரைவான், ஆனால் அவன் வெட்டமாட்டான் என்பது வான்கோவின் கட்சி. உருவங்கள் இலக்கணப்படி அமைந்துவிட்டால் மனமொடிந்துபோவேன் என்று அந்தக் கோடையில் எழுதினார். தட்டில் நீளும் அதே கைதான் நிலத்தையும் தோண்டியது என்பது தெரியவேண்டும். முண்டும் முடிச்சும் அதற்குத்தான். பார்க் என்ற ஓவியர் மாணவர்களுக்காகத் தொகுத்த பாடப் படங்களைத் தாள் தாளாகப் பார்த்து வரைந்து பழகிய கை அவருடையது என்பதையும் மறந்துவிடாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை கொடியில் உலரும் ஒரு வெள்ளை வேட்டியை வரை. வெள்ளைச் சாயக் குழாயைத் திறக்கக் கூடாது. வேட்டியைச் சுற்றி எந்த நிறம் வைத்தாய், ஏன் வைத்தாய் என்று படத்தின் பின்புறம் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்